நாட்டுக்கு ஒரு சர்வாதிகாரி வேண்டுமா?

(சிவகாசி வட்டாரத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில், சர்வாதிகாரமும் மனித உரிமையும் என்பது பற்றிப் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட சங்கதி உங்களில் சிலருக்குக் கசப்பாக இருக்கலாம். விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், "இந்த நாட்டுக்கு ஒரு ஹிட்லர் வந்தால்தான் சரிப்படும்" என்றோ, "பத்து வருஷம் மிலிட்டரி ஆட்சி நடந்தால்தான் ஜனங்கள் ஒழுங்காவார்கள்" என்றோ யாராவது ஒருவர் சொல்லக் கேட்கலாம். அப்படிச் சொல்லுகிறவர் கெட்டவர் அல்ல. லஞ்சம் கொடுத்துச் சலித்தவர். ஒரு சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீசுக்கு ஏழு நடை நடந்தவர். அவருடைய கோபம் நியாயமானது. அந்தக் கோபத்திற்கு அவர் தேடும் மருந்துதான் விஷமானது. அதை உங்கள் முகத்துக்கு நேரே சொல்லிப் போகவே வந்திருக்கின்றோம்.

இந்த ஆசை நமக்கு எங்கிருந்து வந்தது? அக்கிரமம் மிஞ்சினால் ஆகாயத்திலிருந்து ஒருவன் அவதாரம் எடுத்து வருவான், அவன் எல்லாரையும் சங்காரம் செய்து நம்மைக் காப்பாற்றுவான் என்று தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நம் கையால் ஆகவேண்டியதை இன்னொருவன் கையில் விட்டுவிட்டுக் கும்பிட்டு நிற்பது நமக்குப் பழகிப் போய்விட்டது. கோவிலுக்குப் போவதை நிறுத்திவிட்ட பகுத்தறிவுக்காரர்களில் சிலர்கூட, அதே கும்பிடைக் கொண்டுபோய் ஒரு தலைவன் காலடியில் போடுகின்றார்கள். சாமியை மாற்றினார்களே தவிர, கும்பிடை விடவில்லை. கேள்வி கேட்கக் கூடாத சாமி எவ்வளவு ஆபத்தோ, கேள்வி கேட்கக் கூடாத மனிதன் அதைவிட ஆபத்து. கல்லுச்சாமியிடம் போலீசும் இல்லை, பீரங்கியும் இல்லை. இவனிடம் இரண்டும் இருக்கின்றன.

உங்கள் தொழிலே சாட்சி

இதற்குப் பெரிய சாஸ்திரம் படிக்க வேண்டியதில்லை. உங்கள் பயராபீசில் நடக்கும் காரியத்தையே பாருங்கள். வெடிமருந்துக்கென்று 1884இல் சட்டம் போட்டார்கள். 1940இல் விதிகள் செய்தார்கள். இப்போது நடப்பது 2008ஆம் வருஷத்து விதிகள். அந்த விதிகளின் சாரம் என்ன? ஓர் அறையில் இவ்வளவு மருந்துக்கு மேல் வைக்கக் கூடாது. நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. அறைக்கும் அறைக்கும் நடுவே இடம் விட்டிருக்க வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். கலந்த மருந்து மீந்தால் மறு நாளைக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

முதலாளி நல்லவர், போர்மேன் கெட்டிக்காரர், ஆகவே ஒரே அறையில் எல்லா மருந்தையும் கொட்டி வைக்கலாம் என்று எந்த விதியாவது சொல்லுகின்றதா? சொல்லவில்லை. ஏனென்றால் உராய்வு ஏற்பட்டால் மருந்து முதலாளியின் குணத்தைப் பார்த்து வெடிப்பதில்லை. அளவைப் பார்த்துத்தான் வெடிக்கின்றது.

2012 செப்டம்பர் 5ந் தேதி முதலிப்பட்டியில் என்ன ஆயிற்று? விதிக்கு மிஞ்சிய மருந்து, விதிக்கு மிஞ்சிய ஆட்கள். ஏறக்குறைய நாற்பது பேர் செத்தார்கள். காப்பாற்ற ஓடினவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும் அதில் அகப்பட்டார்கள். 2021 பிப்ரவரி 12ந் தேதி அச்சங்குளத்திலும் அதே கதைதான். இருபது பேருக்கு மேல் போனார்கள். இரண்டு இடத்திலும் செத்தவர்கள் யார்? கூலிக்கு வந்தவர்கள். மருந்தைக் குவித்து லாபம் பார்த்தவன் ஒருவன், வெந்து போனவர்கள் வேறு பேர்.

தோழர்களே! அதிகாரமும் ஒரு மருந்துதான். அது இல்லாமல் நாடு நடக்காது. ஆனால் அதை ஒரே அறையில் குவிக்கக் கூடாது. சட்டம் செய்கிற அறை வேறு, அதை நடத்துகிற அறை வேறு, நியாயம் சொல்லுகிற அறை வேறு என்று பிரித்து, நடுவே இடம் விட்டிருக்கிறதே, அது ஏதோ வெள்ளைக்காரன் ஆசாரம் என்று எண்ணிவிடாதீர்கள். பத்திரிகை, தொழிலாளர் சங்கம், மாகாண சர்க்கார் எல்லாம் அந்த நடுவிலுள்ள இடங்களே. எலெக்ஷன் என்பது வெளிப்பக்கமாகத் திறக்கும் கதவு. ஆபத்து காலத்துக்கென்று கலந்த விசேஷ அதிகாரம், ஆபத்து தீர்ந்த அன்றே அழிக்கப்பட வேண்டிய மருந்து. இவ்வளவுதான் சங்கதி. "ஒரு ஹிட்லர் வரட்டும்" என்பவர், எல்லா அறைச் சுவரையும் இடித்து, மருந்தையெல்லாம் ஒன்றாய்க் கொட்டி, கதவைப் பூட்டிச் சாவியை ஒருவன் மடியில் கட்டு என்கின்றார். உள்ளே இருக்கப்போவது தாமும் தம் பிள்ளைகளும்தான் என்பதை மட்டும் மறந்து விடுகின்றார்.

விருதுநகர் காட்டிய பாடம்

நிற்க. கதவு திறப்பது என்றால் என்ன என்பதை இந்த ஜில்லாவே உலகத்துக்குக் காட்டியிருக்கின்றது. விருதுநகரில் பிறந்த காமராசர் ஒன்பது வருஷத்துக்கு மேல் இந்த மாகாணத்தின் முதல் மந்திரியாக இருந்தவர். அகில இந்தியக் காங்கிரசுக்குத் தலைவராக இருந்தவர். இரண்டு பிரதம மந்திரிகளைத் தேர்ந்தெடுப்பதில் முன் நின்றவர். பள்ளிக்கூடமும் மத்தியானச் சோறும் அவர் பெயரைச் சொல்லும். அப்பேர்ப்பட்டவர் 1967இல் தம் சொந்த ஊரிலேயே, மாணவர் தலைவராக இருந்த சீனிவாசன் என்ற இளைஞரிடம் 1,285 ஓட்டில் தோற்றார்.

ஜனங்கள் செய்தது சரியா தப்பா என்று இன்றைக்கும் வாதம் செய்கின்றார்கள். அந்த வாதத்துக்குள் நாம் போகவில்லை. நாம் கவனிக்க வேண்டியது வேறு. நாட்டின் பெரிய அதிகாரம் படைத்த மனிதரை, தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிற ஒரு கூலிக்காரன் ஒரு துண்டுக் காகிதத்தால் வீட்டுக்கு அனுப்ப முடிந்தது. ஒரு துப்பாக்கி வெடிக்கவில்லை. அவரும் ராணுவத்தைக் கூப்பிடவில்லை, பெட்டியை உடைக்கவில்லை. முடிவை ஏற்றுக்கொண்டார். இந்த ஒன்றுதான் குடிஅரசு. நல்லவரைக் கொண்டுவருவது அதிர்ஷ்டம். வேண்டாதவரைச் சேதமில்லாமல் போகச் சொல்ல முடிவதுதான் உரிமை.

பூட்டப்பட்ட கதவு

இந்தக் கதவு ஒரு காலத்தில் பூட்டப்பட்டது. 1975 ஜூன் 25ந் தேதி இரவு இந்திரா காந்தி அம்மையார் சர்க்கார் நெருக்கடி நிலை கொண்டு வந்தது. விடிவதற்குள் எதிர்க்கட்சித் தலைவர்கள் ஜெயிலில் இருந்தார்கள். இருபத்தொரு மாதத்தில் விசாரணையின்றி அடைக்கப்பட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல் என்று பின்னால் ஷா கமிஷன் கணக்குச் சொல்லிற்று. 1976-77 ஒரே வருஷத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்குக் கருத்தடை ஆப்பரேஷன் நடந்தது. ஆள் கணக்குக் காட்டாவிட்டால் வேலை போகும் என்று மிரட்டப்பட்ட சிப்பந்திகள், ஏழைகளைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். காமராசர் தம் பழைய சகாக்கள் சிறையில் இருக்கும்போதே, 1975 அக்டோபர் 2ந் தேதி காலமானார்.

சென்னையில் தி.மு.க. சர்க்கார் 1976 ஜனவரி 31ந் தேதி கலைக்கப்பட்டது. நூற்றுக்கணக்கானவர்கள் மிசாவில் பிடிபட்டார்கள். யார் யார் பிடிபட்டார்கள் என்று பத்திரிகையில் போடக்கூடத் தணிக்கை இடம் தரவில்லை. அப்போது முரசொலி ஒரு தந்திரம் செய்தது. அண்ணா நினைவு நாளில் அவர் சதுக்கத்துக்கு மலர் வைக்க வர முடியாதவர்கள் என்று ஒரு பெயர்ப் பட்டியல் வெளியிட்டது. யார் யாரெல்லாம் ஜெயிலில் இருக்கின்றார்கள் என்பது அதைப் பார்த்துத்தான் ஊருக்குத் தெரிந்தது. தம் மகன் எங்கே இருக்கின்றான் என்று பெற்ற தாய் தெரிந்துகொள்வதற்கு, துக்கச் செய்தியைப்போல் ஒரு பட்டியல் போட வேண்டியிருந்தது என்றால் அந்த ஆட்சியின் யோக்கியதையை என்னவென்று சொல்வது? சென்னை மத்திய சிறையில் அடிபட்ட மாஜி மேயர் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்து போனார். கேரளத்தில் ராஜன் என்ற இஞ்சினீரிங் மாணவரைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருடைய பிணம்கூடத் தகப்பனாருக்குக் கிடைக்கவில்லை.

சரி, கோர்ட்டு என்ன செய்தது? 1976 ஏப்ரல் 28ந் தேதி சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடி காலத்தில் அடைபட்டவன் தன் விடுதலைக்காகக் கோர்ட்டுக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருவனை அக்கிரமமாகக் கொன்றுவிட்டால்கூடக் கேட்க வழியில்லையா என்று கேட்டதற்கு, சர்க்கார் வக்கீல், இந்த வாதத்தின்படி வழியில்லை என்றே பதில் சொன்னார். எச்.ஆர். கன்னா என்ற ஒரே நீதிபதிதான் மறுத்து எழுதினார். அதற்குக் கிடைத்த சம்மானம், பிரதம நீதிபதியாக வேண்டிய முறை வந்தபோது அவரைத் தாண்டி அடுத்தவரைப் போட்டார்கள். அந்த நால்வர் தீர்ப்பு தப்பு என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்வதற்கு 2017ஆம் வருஷம் ஆகவேண்டியிருந்தது. நாற்பத்தொரு வருஷம்!

இனி நமக்கே வெட்கமான ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். 1977 மார்ச்சில் கதவு மறுபடி திறந்தபோது, வடநாட்டு ஜனங்கள் அந்த ஆட்சியைத் துடைத்தெறிந்தார்கள். ரேபரேலியில் பிரதம மந்திரியே தோற்றார். நம் தமிழ்நாடு என்ன செய்தது? 39 ஸ்தானத்தில் 34 ஸ்தானத்தை அதே காங்கிரசின் கூட்டுக்குக் கொடுத்தது. வடக்கே கத்தி உடம்பில் பட்டது. இங்கே நம்மில் பலருக்கு, ரயில் நேரத்துக்கு வந்தது, குமாஸ்தா நேரத்துக்கு ஆபீசுக்கு வந்தான் என்பது மட்டும்தான் கண்ணில் பட்டது. அடுத்த வீட்டான் ஜெயிலில் இருந்தது கண்ணில் படவில்லை. இந்தக் குருட்டுத்தனம்தான் இன்றைக்கும் டீக்கடையில் பேசுகின்றது.

வீட்டில் பூட்டினவன் வெளியில் என்ன செய்வான்?

ஒரு நாட்டுக்குள் நடக்கும் கொடுங்கோன்மை அந்த நாட்டோடு போகட்டுமே, நமக்கென்ன என்று கேட்பவர்களும் உண்டு. ஹிட்லர் ஹிட்லர் என்கின்றீர்களே, அவன் கதையையே பார்ப்போம். 1933 ஜனவரி 30ந் தேதி சட்டப்படிதான் பதவிக்கு வந்தான். பிப்ரவரி 28ந் தேதி, பார்லிமெண்டுக் கட்டடம் தீப்பிடித்ததைச் சாக்காக வைத்து, பேச்சுரிமை, பத்திரிகை உரிமை எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தான். நிறுத்தி வைத்ததுதான், தற்காலிகம்தான் என்றான். அந்தத் தற்காலிகம் அவன் சாகிறவரை நீடித்தது. கலந்த மருந்தை மறு நாளைக்கு வைத்தால் இதுதான் கதி. மே 2ந் தேதி தொழிற்சங்க ஆபீசுகளைப் பிடுங்கிக்கொண்டான். வீட்டிலே கேட்பாரில்லை என்றானபிறகு, 1939இல் போலந்தின்மேல் பாய்ந்தான்.

ஜெர்மனியில் வெடித்த மருந்து ராமநாதபுரத்துக்கு வரவில்லையா? வந்தது. அவனுக்குக் கூட்டாளியான ஜப்பான் ராணுவ ஆட்சி 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் குண்டு போட்டது. பிழைக்கப் போன லட்சக்கணக்கான இந்தியர் காட்டு வழியே நடந்து ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. வழியிலே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலாய் ரப்பர் தோட்டங்களிலிருந்த நம் தமிழ்க் கூலிகளை 1942-43இல் சயாம் பர்மா ரயில் பாதை போட ஓட்டிக்கொண்டு போனார்கள். பேதியிலும் பட்டினியிலும் பல்லாயிரம் பேர் அந்தக் காட்டிலே மடிந்தார்கள். ஹிட்லர் யாரென்றே அறியாதவர்கள் அவர்கள். ஆகவே தோழர்களே, "ஒரு ஹிட்லர் வரட்டும்" என்று நம் ஊரில் ஒருவர் சொல்லும்போது, சயாம் காட்டில் புதைந்த தம் சொந்த ஜனங்களின்மேல் நின்றுகொண்டு சொல்லுகின்றார் என்பதை நினைக்க வேண்டும்.

இப்போதைய உலகத்தையும் பாருங்கள். சைனாவில் ஒருவர் இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது என்றிருந்த விதியை 2018இல் எடுத்துவிட்டார்கள். ஆதரவு ஓட்டு 2,958. எதிர் ஓட்டு இரண்டே இரண்டு. ருஷியாவில் 2020இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி, புடின் 2036 வரை இருக்க வழி செய்துகொண்டார். 2021 பிப்ரவரி 1ந் தேதி பர்மாவில் பட்டாளம் ஆட்சியைப் பிடுங்கிற்று. 2022 பிப்ரவரி 24ந் தேதி ருஷியா உக்ரேனுக்குள் புகுந்தது. அடுத்த மாதமே, ராணுவத்தைப் பற்றிப் பொய் சொன்னால் பதினைந்து வருஷம் வரை ஜெயில் என்று சட்டம் வந்தது. எது பொய் என்று சொல்வது சர்க்காரே. யுத்தத்தை யுத்தம் என்று சொன்னதற்கே ஜனங்கள் தண்டனை அடைந்தார்கள். தன் ஜனங்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவன் இவ்வளவு சுலபமாகச் சண்டைக்குப் போவானா? அந்தச் சண்டையால் இங்கே சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறிற்று. உங்கள் மத்தாப்புக்கும் புஸ்வாணத்துக்கும் வேண்டிய அலுமினியத்தின் விலை உலக மார்க்கெட்டில் உச்சத்துக்குப் போயிற்று. தூரத்துச் சண்டை என்று ஒன்று இல்லை.

இதைத் தடுக்கத்தானே ஐக்கிய நாடுகள் சபை என்பீர்கள். அங்கே பாதுகாப்பு சபையில் ஐந்து நாடுகளுக்கு மட்டும், மற்றவர்கள் எல்லாம் சேர்ந்து முடிவு செய்தாலும் வேண்டாமென்று தள்ளும் அதிகாரம் இருக்கின்றது. உக்ரேன் விஷயம் 2022 பிப்ரவரி 25ந் தேதி வந்தபோது, அந்த மாதம் சபைக்குத் தலைமை ருஷியா. தீர்மானத்தைத் தள்ளினதும் ருஷியா. காஸாவில் சண்டையை நிறுத்தச் சொல்லி 2023க்குப் பிறகு வந்த தீர்மானங்களை அமெரிக்கா பல முறை தள்ளிற்று. வழக்கில் சம்பந்தப்பட்டவனே நாட்டாண்மையாக உட்கார்ந்தால் நியாயம் எப்படிப் பிறக்கும்? நம் ஊர் ஜாதிப் பஞ்சாயத்தில் கண்ட அதே காட்சிதான் அங்கும். அங்கே கழுத்துப் பட்டை கட்டியிருக்கின்றார்கள், அவ்வளவே.

இதற்கு நடுவில் உலகத்தில் அணுகுண்டுகள் ஏறக்குறைய 12,000 இருக்கின்றன. பெரும்பாலும் இரண்டு நாடுகளிடம் இருக்கின்றன. 2025 மே மாதத்தில் நாலு நாள் ஒன்றையொன்று தாக்கிக்கொண்ட இந்தியாவும் பாகிஸ்தானும்கூட அந்தக் குண்டு வைத்திருப்பவைதான். 2024இல் உலகம் ராணுவத்துக்குச் செலவு செய்தது 2,71,800 கோடி டாலர். பட்டாசு அறையில் எத்தனை கிலோ மருந்து என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வருகின்றார். இந்தப் பெரிய மருந்து அறைகளுக்கு இன்ஸ்பெக்டர் யார்? அந்தந்த நாட்டின் ஜனங்கள்தான். அந்த ஜனங்களின் வாயைக் கட்டிவிட்டால் அப்புறம் சோதனையே கிடையாது. மனித உரிமைக்கும் உலகப் பாதுகாப்புக்கும் உள்ள சம்பந்தம் இவ்வளவுதான்.

நம் வாசலிலே

வெளிநாட்டைப் பேசிவிட்டு நாம் யோக்கியர்கள் என்று எழுந்துபோக முடியாது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில், ஊரடங்கு நேரத்துக்கு மேல் கடை திறந்திருந்தது என்ற வழக்கில் பிடிக்கப்பட்ட தகப்பனும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு அடுத்தடுத்துச் செத்தார்கள். திருச்சி ஜில்லா விரகாலூரில் பிறந்த ஸ்டேன் சுவாமி என்ற பாதிரியாரை 2020 அக்டோபரில் விசேஷ சட்டத்தில் பிடித்தார்கள். நடுக்கு வாதத்தால் டம்ளரைப் பிடிக்க முடியாத கிழவர் அவர். தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழலுக்காகக் கோர்ட்டில் மனுப் போட வேண்டியிருந்தது. விசாரணை துவங்காமலே 2021 ஜூலை 5ந் தேதி, எண்பத்து நாலாம் வயதில், கைதியாகவே இறந்தார். அவருடைய சாமியோடு நமக்குச் சம்பந்தமில்லை. அவருடைய உரிமையோடு நமக்குச் சம்பந்தம் உண்டு. நமக்குப் பிடிக்காதவனுக்கு உரிமை போகும்போது நாம் சும்மாயிருந்தால், நமக்குப் போகும்போது கேட்க ஆள் இருக்காது.

ஆகவே செய்ய வேண்டியது என்ன? பெரிய காரியம் ஒன்றுமில்லை. உங்கள் தெருவில் ஒருவரைப் போலீசார் பிடித்தால், எந்தச் சட்டப்படி என்று கேளுங்கள். இருபத்துநாலு மணி நேரத்துக்குள் மாஜிஸ்டிரேட் முன் நிறுத்தவேண்டும் என்பது அரசியல் சட்டம். வீட்டாருக்குச் சொல்லவேண்டும், பிடித்ததற்குக் குறிப்பு எழுதிச் சாட்சி வாங்கவேண்டும் என்று 1996இல் சுப்ரீம் கோர்ட்டு விதித்திருக்கின்றது. பிடிபட்டவர் என்ன ஜாதி, என்ன கட்சி என்று பார்த்துவிட்டுக் கேட்காதீர்கள். கிராம சபையில் எழுந்து கணக்குக் கேளுங்கள். பயராபீசில் ஐந்தாவது ஆளை அறைக்குள் உட்காரச் சொன்னால், முடியாது என்று நாலு பேரும் சேர்ந்து சொல்லுங்கள். வீட்டிலே பெண்களும் பிள்ளைகளும் எதிர்த்துக் கேட்டால், வாயை மூடு என்று சொல்லாதீர்கள். வீட்டுக்குள் சின்ன ஹிட்லராக இருப்பவன்தான் நாட்டுக்குப் பெரிய ஹிட்லரைத் தேடுகின்றான்.

லஞ்சத்துக்கும் தாமதத்துக்கும் மருந்து, கேள்வி கேட்பவர்களை அதிகமாக்குவது. கேள்வியே கேட்க முடியாத ஒருவனை உண்டாக்குவதல்ல. அப்படிப்பட்டவன் கீழே லஞ்சம் ஒழியாது. அது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான்.

தோழர்களே! நாம் சொன்னோம் என்பதற்காக இதை ஏற்க வேண்டியதில்லை. அப்படி ஏற்றால் நம்மையே ஒரு சின்ன சர்வாதிகாரி ஆக்கினவர்கள் ஆவீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். நாளைக்கு டீக்கடையில் அந்தப் பழைய பேச்சு எழும்போது, "அண்ணாச்சி, எல்லா மருந்தையும் ஒரே அறையில் போடச் சொல்லுகிறீர்களே, அந்த அறைக்குள் நீங்கள் போய் உட்காருவீர்களா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லும் பதிலைக் கொண்டு, நாம் பேசினது சரியா தப்பா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.